சிறையும் தோல் நிறமும்: வக்கீல் அக்கா பதில்கள்

(தென்னாப்பிரிக்காவின் டர்பன் கோர்ட்டுகளில் பல ஆண்டு கிரிமினல் வழக்கு நடத்தி ஓய்வு பெற்ற அக்காவிடம் நம் ஆட்கள் கேட்டவை.)

குமரன், சாட்ஸ்வொர்த்: 1994-இல் நிறவெறி ஆட்சி முடிந்த பிறகுமா கோர்ட்டில் நிறம் பார்க்கிறார்கள் அக்கா?

தீர்ப்பில் தேடினால் கிடைக்காது தம்பி. ஜாமீன் கேட்கிற நாளில் போய் உட்கார்ந்து பாருங்கள். ஒரே மாதிரி திருட்டு வழக்கு இரண்டு. ஒருவனுக்கு நிலையான முகவரி, பணம் கட்ட அப்பா. மாலையே வீட்டுக்குப் போய்விடுவான். இன்னொருவன் தகரக் கொட்டகைவாசி. ஆயிரம் ரேண்ட் புரட்ட வழியில்லை, வெஸ்ட்வில் சிறைக்குப் போவான். உள்ளே இருந்துகொண்டு சாட்சி தேட முடியுமா? வேலையும் போகும். குற்றத்தை ஒப்புக்கொண்டாலாவது விஷயம் முடியுமே என்று தோன்றிவிடும். நாட்டுச் சிறைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இன்னும் தீர்ப்பு வராதவர். யார் ஏழை என்பதைப் பழைய சட்டங்கள் நிறம் பார்த்தே முடிவு செய்துவிட்டன. அதன் வட்டியைத்தான் இன்று கட்டுகிறார்கள்.

செல்வி, ஃபீனிக்ஸ்: கறுப்பர்கள்தான் அதிகம் உள்ளே இருக்கிறார்களா?

எண்ணிக்கையில் ஆமாம், நாட்டில் பெரும்பான்மையே அவர்கள்தானே. விகிதம் பார்த்தால் 'கலர்ட்' என்கிற கலப்பின மக்கள்தான். மக்கள்தொகையில் சுமார் 8 விழுக்காடு, சிறையிலோ அதைவிட மிக அதிகம். வெள்ளையரும், இந்திய வம்சாவளியினரான நாமும் மக்கள்தொகைப் பங்கைவிடக் குறைவு.

ராஜா, பீட்டர்மரிட்ஸ்பர்க்: தூக்குத் தண்டனையில் நிறம் பார்த்தார்கள் என்பது உண்மையா?

அதைக் கேட்டதற்கே ஒருவரைக் கூண்டில் ஏற்றினார்கள். பாரெண்ட் வான் நீக்கெர்க் என்ற சட்டப் பேராசிரியர், 1960-களின் கடைசியில், கறுப்பருக்கு மரண தண்டனை விழும் வாய்ப்பு அதிகமா என்று வக்கீல்களிடம் எழுதிக் கேட்டார். பதில் அனுப்பியவர்களில் ஏறக்குறைய பாதிப்பேர் ஆமாம் என்றார்கள். அதை வெளியிட்டதும் நீதிமன்ற அவமதிப்பு வழக்கு! 1970-இல் விடுதலையானார். ஆனால் அதன் பிறகு இந்த விஷயத்தில் கைவைக்க எவருக்குத் துணிச்சல் வரும்? பிற்பாடு நம் டர்பனிலேயே, நேட்டால் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1995 ஜூனில் அரசியல் சாசன நீதிமன்றம் தூக்கையே ஒழித்துவிட்டது.

தேவி, டொங்காட்: 'தப்பு செய்றான், உள்ள போறான், இதுல நிறம் எங்கே வந்தது' என்கிறார் மாமா.

மாமாவின் கொள்ளுத் தாத்தா கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவரா என்று கேளுங்கள். சீட்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியே போனால் குற்றம். வேலைக்கு வராவிட்டால் ஜெயில். 1913-இல் காந்தி இங்கே நடத்திய சத்தியாக்கிரகத்தில் சிறை போன தில்லையாடி வள்ளியம்மை, காய்ச்சலோடு வெளியே வந்து 1914 பிப்ரவரியில் இறந்தபோது வயது 16. அவர் செய்த தப்பு என்னவாம்?

ஐயப்பன், சாட்ஸ்வொர்த்: என் கடையில் வேலை செய்யும் பையன் ஜாமீன் பணம் கட்ட முடியாமல் உள்ளே இருக்கிறான்.

தொகையைக் குறைக்கச் சொல்லி அதே கோர்ட்டில் மனு போடலாம். இலவசச் சட்ட உதவி வக்கீலை இன்றே பிடியுங்கள். சிறையில் கூட்டம் மிஞ்சிப்போனால், சில வகை வழக்குகளில் சிறை அதிகாரியே விடுவிக்கக் கேட்டு கோர்ட்டுக்கு எழுதலாம், குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 63ஏ பிரிவு. முதலாளி நீங்களே போய், வேலை காத்திருக்கிறது என்று சொல்லுங்கள் ஐயா. மாஜிஸ்திரேட் அதைக் கேட்பார்.