வளவுக் கேள்விகள்: கச்சான் காற்றில் பாத்தியைத் தாழ்த்துங்கள்

கொரோனாப் பயணத்தடையால் இம்முறை தபாலில் ஒரு கடிதமும் வரவில்லை. கேள்விகள் எல்லாம் கைபேசியில் வந்தவை. குரல்பதிவாக வந்தவற்றை நானே எழுதிச் சுருக்கியிருக்கிறேன். ஊர்ப் புதினமும் சேர்த்து அனுப்பியவர்களுக்குத் தனியே நன்றி.
– ஓய்வுபெற்ற விவசாயப் போதனாசிரியை, திருகோணமலை (ஆனி, 2021)

அக்கா, தொலைக்காட்சியில் காட்டியபடி மேட்டுப்பாத்தி கட்டிக் கத்தரியும் மிளகாயும் வைத்தேன். இரண்டு நேரமும் தண்ணீர் விட்டும் மதியத்தில் தலை தொங்கிவிடுகிறது. என்ன நோய்?
(வாசகி, உப்புவெளி)

நோய் இல்லை தங்கச்சி, தாகம். மேட்டுப்பாத்தி மழைநீர் வடிவதற்காகக் கட்டுவது. தென்மேற்குப் பருவக்காற்று மழையை மேற்குப் பக்கத்து மலைகளில் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு நம்மிடம் வருகிறது. அதுதான் கச்சான். மண்ணும் மணல். மேடு கட்டினால் காற்று நாலு பக்கமும் உறிஞ்சும்.

இப்போது செய்ய வேண்டியது எதிர்மாறு. ஒரு முழ ஆழத்துக்கு மணலை வழித்தெடுங்கள். அடியில் வெட்டிய வாழைத்தண்டு, அதன்மேல் காய்ந்த மாட்டெருவும் மண்ணும் கலந்து போட்டு, பாத்தி தரைமட்டத்தைவிட நான்கு விரல் தாழ்ந்து நிற்கும்படி விடுங்கள். மேலே காய்ந்த இலையோ தும்புத்தூளோ தடிப்பாகப் பரப்புங்கள். காற்று வரும் பக்கம் ஒரு கிடுகு மறைப்பு. மாரி தொடங்கும் ஐப்பசியில் மேட்டுப்பாத்திக்கு மாறலாம். தொலைக்காட்சியில் வருபவர் நல்ல மனிதர்தான், ஆனால் அவர் நம் ஊரில் நின்று பேசவில்லை.

எங்கள் கிணறு கடற்கரையிலிருந்து கூப்பிடு தூரம். போன வருட ஊரடங்கில் தோட்டம் தொடங்கியபோது தண்ணீர் நன்றாக இருந்தது. இப்போது கரிக்கிறது. இன்னும் ஆழமாகத் தோண்டலாம் என்று கணவர் சொல்கிறார்.
(வாசகி, நிலாவெளி)

அவரைத் தடுத்து நிறுத்துங்கள். மண்வெட்டியை ஒளித்து வைத்தாலும் குற்றமில்லை.

கடற்கரை மணலுக்கு அடியில் மழைநீர் தனியாக நிற்கவில்லை. கீழே ஊறி வந்த உப்புநீரின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. உப்புநீர் கொஞ்சம் பாரமானது, அதனால்தான் இரண்டும் பெரிதாகக் கலப்பதில்லை. இதற்கு ஒரு பழைய கணக்கு உண்டு: கடல்மட்டத்துக்கு மேலே நல்ல தண்ணீர் ஓர் அடி நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் பாருங்கள். மேல்மட்டம் ஓர் அடி நிரந்தரமாக இறங்கினால், கீழே இருக்கும் உப்பு 40 அடி ஏறி வருகிறது. ஆழமாகத் தோண்டுவது நாமே உப்பைத் தேடிப் போவது.

உங்கள் கிணற்றைக் கெடுத்தது பெரும்பாலும் மோட்டார்தான். வாளியால் அள்ளிய காலத்தில் கை நோகும், நிறுத்துவோம், கிணறு ஊறிக்கொள்ளும். மோட்டாருக்குக் கை நோவதில்லை. ஒரேயடியாக இறைக்கும்போது குழாய்க்கு நேர் கீழே உப்புநீர் கூம்பாக எழும்புகிறது. ஆகவே காலையில் கொஞ்சம், மாலையில் கொஞ்சம் என்று பிரித்து இறையுங்கள். உறிஞ்சு குழாயின் வாயை அடியில் விடாமல், நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மட்டும் நிற்கும்படி உயர்த்திக் கட்டுங்கள். தண்ணீரைச் செடியின் அடியில் விடுங்கள். இலையில் தெளித்தால் உப்புப் படிந்து ஓரம் கருகும். அரிசி கழுவிய தண்ணீர் ஒரு துளியும் வீண்போக வேண்டாம், நாற்றுகளுக்கு அதைக் கொடுங்கள்.

போஞ்சியை மறந்துவிடுங்கள், உப்புக்கு முதலில் விழுவது அதுதான். பீட்ரூட் முளைக்கும்வரை நல்ல தண்ணீர் கொடுத்தால் பிறகு சமாளித்துக்கொள்ளும். தென்னைக்குக் கவலையே இல்லை. மாரி மழை மண்ணிலுள்ள உப்பைக் கழுவிவிடும். கிணறு தேற அதைவிடக் கூடக் காலம் எடுக்கும். பக்கத்து வளவுக்காரரோடும் பேசுங்கள், இரண்டு மோட்டாரும் ஒரே தண்ணீரைத்தான் இழுக்கின்றன.

இரவில் மான்கள் வந்து பயற்றங்கொடியை அடியோடு தின்றுவிடுகின்றன. பழைய மீன்வலையால் சுற்றிக் கட்டலாமா?
(வாசகர், கோட்டையடி)

கட்டாதீர்கள் தம்பி. கொம்பு வலையில் மாட்டினால் விடிவதற்குள் உயிரே போய்விடும். நம் மான்கள் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. அதற்கும் மேலாக, பிரெட்ரிக் கோட்டைக்குள் அவை நிற்பதைப் பார்த்துத்தானே நாம் எல்லோரும் வளர்ந்தோம்!

மான் உயரம் பாய வல்லது, ஆனால் மறுபக்கம் தெரியாத இடத்துக்குள் பாயத் தயங்கும். கம்பி வேலியில் கிடுகை நெருக்கமாகக் கட்டுங்கள், ஆளுயரம் போதும். இன்னொன்று: சாப்பாடு கட்டிய ஷொப்பிங் பொலித்தீன் பையைக் குப்பையோடு வாசலில் வைக்காதீர்கள். உணவு மணத்துக்கு மான் பையையும் சேர்த்து விழுங்குகிறது. அது வயிற்றில் செரிக்காமல் கிடந்து கொல்லும். சமையல் கழிவைக் குழியில் போட்டு மண் மூடினால் மானுக்கும் நல்லது, உங்கள் பயற்றைக்கும் எரு.

அரசு 2021 மே மாதம் இறக்குமதியைத் தடைசெய்ததால் இரசாயன உரம் இனி வராதாமே. கூட்டெரு மட்டும் போதுமா?
(வாசகர், தம்பலகாமம்)

வீட்டுத் தோட்டம் என்றால் தாராளமாகப் போதும். நாலு கத்தரிக்கும் இரண்டு வெண்டிக்கும் யூரியா தேடி அலைந்தவர்களை எனக்கு எப்போதும் விளங்கியதில்லை.

ஆனால் தம்பலகாமம் என்றபடியால் நீங்கள் வயலைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அது வேறு கணக்கு. 50 கிலோ யூரியா மூட்டையில் 23 கிலோ நைதரசன் இருக்கிறது. நல்ல கூட்டெருவில் நூற்றுக்கு ஒன்று, ஒன்றரைதான். அந்த ஒரு மூட்டைக்கு ஈடாக ஒன்றரைத் தொன்னுக்கு மேல் கூட்டெரு வேண்டும். அதை யார் செய்வது, எந்த உழவு இயந்திரத்தில் ஏற்றுவது? சேதனப் பசளையை என் உத்தியோக காலம் முழுவதும் சொல்லிக்கொடுத்தவள் நான். அதனால்தான் சொல்கிறேன்: மண்ணைப் பல போகங்களில் பழக்க வேண்டும், ஒரு மே மாத அறிவித்தலில் அல்ல. இப்போதைக்கு வைக்கோலை எரிக்காமல் வயலிலேயே மடக்கி உழுங்கள். வரம்பில் கிளிரிசிடியா நட்டுத் தழையை வெட்டிப் போடுங்கள். முழு ஈடு ஆகாது, ஆனால் கையில் இருப்பது அதுதான்.

மரக்கறி லொறி வராத நாட்களில் என்ன சமைப்பது?
(வாசகி, உவர்மலை)

வேலியைப் பாருங்கள். முசுட்டை, கொவ்வை, தவசிமுருங்கை ஆகியவற்றில் ஒன்றாவது நிற்கும். 2020 டிசம்பர் தொடக்கத்தில் புரெவிப் புயல் குச்சவெளிப் பக்கம் கரையேறியபோது எங்கள் முருங்கை முறிந்தது. விழுந்த கிளைகளை அங்கங்கே நட்டுவிட்டேன். இப்போது அவைதான் வீட்டுக்குக் கறி.

வறை செய்பவர்கள் இலையைக் கழுவி, ஈரம் உலர்ந்த பிறகு அரியுங்கள். இல்லாவிட்டால் சட்டியில் களியாகிவிடும். கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய் தாளித்து, இலையைப் போட்டு, மூடாமல் கிளறுங்கள். நிறம் மாறமுன் தேங்காய்ப்பூவைத் தூவி இறக்குங்கள். மணலில் தானாகப் படரும் சாரணையும் வறைக்கு நல்லது. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் தவிர்க்கவும்.

மஞ்சள் விற்கும் விலைக்கு, நானே நட்டால் என்ன?
(வாசகர், லிங்கநகர்)

நடுங்கள், தென்னை நிழலிலும் வளரும். ஆனால் எட்டு, ஒன்பது மாதம் பொறுக்க வேண்டும். கிண்டியெடுத்த ஐந்து கிலோ, அவித்துக் காய்ந்தபின் ஏறக்குறைய ஒரு கிலோதான்.

சிரட்டைகளில் நாற்றுப் போட்டால் நல்லதா?
(மாணவி, கிண்ணியா)

நல்லதுதான் மகள், அடியில் ஓட்டை போட்டால். 2017 டெங்கை உங்கள் ஊருக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. முட்டையிலிருந்து நுளம்பாக ஒரு கிழமை, பத்து நாள் போதும். ஓட்டையில்லாத சிரட்டைகளைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணீர் பிடித்து வைத்திருக்கும் வாளிகளைக் கிழமைக்கு ஒருமுறை கவிழ்த்து, உள்பக்கத்தை உரஞ்சிக் கழுவுங்கள். முட்டை ஒட்டியிருப்பது அங்கேதான்.