தூத்துக்குடியிலிருந்து திருவொற்றியூருக்கு: பள்ளியை எதை வைத்து எடை போடுவது?

அம்மா, உங்கள் கடிதத்தில் நாலு பக்கம் பயம், அரைப் பக்கம் விவரம். அந்த அரைப் பக்கத்திலிருந்தே ஆரம்பிக்கிறேன். கணவருக்குத் தூத்துக்குடி அனல்மின் நிலையத்திலிருந்து அத்திப்பட்டில் உள்ள வடசென்னை அனல்மின் நிலையத்துக்கு மாற்றல். மகள் அரசு உதவி பெறும் பெண்கள் பள்ளியில் தமிழ்வழியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள், ஜூனில் பத்து. மகன் அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. "எப்படியும் மெட்ராஸ் வந்தாச்சு, ரெண்டு பேரையும் நல்ல சிபிஎஸ்இ இங்கிலீஷ் மீடியத்துல போட்டுடலாமா?" என்பது உங்கள் முதல் கேள்வி.

வேண்டாம். மகளுக்கு அந்த வழி மிகக் குறுகல். சிபிஎஸ்இ-யில் ஒன்பதும் பத்தும் ஒரே படிப்பு மாதிரி. பொதுவாக ஒன்பதாம் வகுப்பை அந்த வாரியப் பள்ளியிலேயே முடித்தவர்களைத்தான் பத்தில் சேர்ப்பார்கள். பெற்றோர் மாற்றலில் வந்தால் வாரியத்தின் அனுமதியோடு விதிவிலக்கு உண்டு. அந்த அனுமதியைப் பற்றிப் பேசாமல் "பார்த்துக்கலாம், வாங்க" என்று எந்தப் பள்ளியாவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

மகனுக்கு வழி இருக்கிறது, ஆனால் இழப்பு பெரிது. ஆறிலிருந்து பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள்ஒதுக்கீடு உண்டு. பையன் அந்தச் சங்கிலியின் முதல் கண்ணியை இப்போதுதான் முடிக்கிறான். ஏழாம் வகுப்பை மட்டும் தனியார் பள்ளியில் படித்துவிட்டு எட்டில் அரசுப் பள்ளிக்குத் திரும்பினாலும் சங்கிலி அறுந்ததுதான். சென்னை மாநகராட்சிப் பள்ளியும் அரசுப் பள்ளிக் கணக்கில்தான் வரும், அதனால் தாராளமாகச் சேர்க்கலாம். அரசு உதவி பெறும் பள்ளி அந்தக் கணக்கில் வராது. பெயர்ப்பலகையைப் பார்த்து ஏமாறுவது இங்கேதான். பழைய பெரிய கட்டடம், குறைந்த கட்டணம், பார்த்தால் அரசுப் பள்ளி போலவே இருக்கும். அலுவலகத்தில் நேராகவே கேளுங்கள்: "இது அரசுப் பள்ளியா, எய்டட்டா?"

மகள் உதவி பெறும் பள்ளியில் படித்தவள் என்பதால் 7.5 அவளுக்கு இல்லை. ஆனால் அவளிடம் வேறு இரண்டு இருக்கின்றன. கல்லூரிக்குப் போனதும் மாதம் ஆயிரம் ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம், உதவி பெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்த பெண்களுக்கும் 2024-இல் விரிவாக்கப்பட்டது. அதைவிடப் பெரியது டிஎன்பிஎஸ்சி வேலைகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கான 20 சதவீத ஒதுக்கீடு. 2020 திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி வேண்டும். ஒன்பது வருடம் சேர்த்ததைப் பத்தாவது வருடத்தில் 'மெட்ராஸ் பள்ளிக்கூடம்' என்ற பெயருக்காக விடாதீர்கள். ஊரைவிட்டுக் கிளம்பும் முன், எந்த வகுப்பிலிருந்து எந்த வகுப்பு வரை தமிழ்வழியில் படித்தாள் என்று தலைமையாசிரியர் கையெழுத்தும் முத்திரையும் போட்ட சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பத்து வருடம் கழித்து அந்த ஒரு தாளுக்காக தூத்துக்குடிக்கு ரயில் ஏற வேண்டாம்.

இனி தரம். பாடநூல் ஒன்று, வினாத்தாள் ஒன்று. பொதுத்தேர்வுத் தேர்ச்சிப் பட்டியலில் தூத்துக்குடி மாவட்டம் சென்னைக்கு மேலே நிற்பதுதான் வழக்கம். ஆகவே பெரிய ஊரில் பிள்ளை பின்தங்கிவிடுவாளோ என்ற கவலையை விடுங்கள். ஊருக்கு ஊர் உள்ள வித்தியாசத்தைவிட, ஒரே ஊரில் பள்ளிக்குப் பள்ளி உள்ள வித்தியாசம்தான் பெரிது.

அதைக் கண்டுபிடிக்க வாசலில் தொங்கும் நூறு சதவீத பேனர் உதவாது. "போன வருஷம் ஒன்பதாவதுல எத்தனை பேர், இந்த வருஷம் பத்தாவதுல எத்தனை பேர்?" என்று கேளுங்கள். 120 பேர் ஒன்பதிலும் 95 பேர் பத்திலும் என்றால், அந்த 25 பேரை வெளியே அனுப்பிவிட்டுத்தான் பேனர் அடித்திருக்கிறார்கள். அதே காரணத்துக்காகச் சில தனியார் பள்ளிகள் பத்தில் புதுப் பிள்ளையைச் சேர்க்கத் தயங்கும், அல்லது நுழைவுத் தேர்வு வைக்கும். அதை உங்கள் மகளின் குறையாக நினைக்காதீர்கள்.

அடுத்து நோட்டுப் புத்தகம். சேர்க்கை பேசும்போது, அங்கே படிக்கும் இரண்டு மூன்று பிள்ளைகளின் கணக்கு நோட்டுகளைப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பத்தாம் வகுப்புக் கணிதத்தில் வடிவியல் வரைதலுக்கு 8, வரைபடத்துக்கு 8, ஆக 16 மதிப்பெண். அந்தப் பக்கத்தைத் திருப்புங்கள். உதவிப்படம் போட்டிருக்கிறதா, காம்பஸ் வில் தெரிகிறதா, அழித்துப் போட்ட தடம் இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா நோட்டிலும் ஒரே படம், ஒரே அளவு, பிசிறில்லாமல் இருந்தால் கரும்பலகையிலிருந்து காப்பி அடித்தது. ஒரு படத்தில் கோணம் தப்பி, ஆசிரியர் சிவப்பில் வட்டமிட்டு, கீழே பிள்ளை மறுபடி வரைந்திருந்தால் அங்கே பாடம் நடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒரே டிக், ஒரே கையெழுத்து என்றால் மாதக் கடைசியில் மொத்தமாகத் திருத்தியது. தேதிகளையும் பாருங்கள். நடுவில் மூன்று வாரம் தேதியே இல்லையென்றால், ஆசிரியர் விடுப்பில் போய் மாற்று ஆள் வராமல் இருந்திருக்கும். கணிதம், அறிவியல் ஆசிரியர்கள் எத்தனை வருடமாக இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுவிடுங்கள். அறிவியலில் 25 மதிப்பெண் செய்முறைக்கு. ஆய்வகக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று திருப்பிப் பார்ப்பதில் தப்பே இல்லை.

பள்ளிக்கும் முன்னால் முடிவுசெய்ய வேண்டியது வீடு. வடசென்னையில் பிள்ளையின் படிப்பைத் தூரத்தைவிட அதிகம் கெடுப்பது சாலை. எண்ணூர் நெடுஞ்சாலையிலும் மணலி சாலையிலும் துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டும். அந்தச் சாலையைக் கடந்து சைக்கிளில் போகவேண்டிய பள்ளி எவ்வளவு நல்ல பள்ளியாக இருந்தாலும் ஏழாம் வகுப்புப் பையனுக்கு வேண்டாம். வீடும் பள்ளியும் சாலைக்கு ஒரே பக்கம் இருக்கட்டும்.

உங்கள் கணக்குக்குத் திருவொற்றியூர்ப் பக்கத்து விம்கோ நகர் ஒத்துவரும். அங்கே புறநகர் ரயில் நிலையமும் உண்டு, 2021-இல் வந்த மெட்ரோவும் உண்டு. கணவருக்கு வடக்கே கத்திவாக்கம், எண்ணூர் தாண்டினால் அத்திப்பட்டு புதுநகர். பிள்ளைகளுக்குத் தெற்கே தேரடி, காலடிப்பேட்டை, தண்டையார்பேட்டை வரை மெட்ரோ. கும்மிடிப்பூண்டி மார்க்கத்தில் சரக்கு ரயிலும் எக்ஸ்பிரஸும் ஓடுவதால் புறநகர் வண்டி சிக்னலில் நிற்பதுண்டு. ஷிப்ட் டியூட்டிக்காரர் ஒரு வண்டி முன்னாலேயே ஏறுவது நல்லது. மகளுக்கு மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டண வண்டி இலவசம், அதனால் வேன் பணத்தை மிச்சப்படுத்தலாம்.

காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. மணலியிலும் எண்ணூரிலும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து மக்கள் வீட்டைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. பிள்ளைகளில் யாருக்காவது வீசிங் இருந்தால் தேரடிக்குத் தெற்கே வீடு பாருங்கள். வீடு பார்க்கப் பகலில் மட்டும் போகாமல் இரவு ஒன்பது மணிக்கும் விடியற்காலையிலும் ஒருமுறை தெருவில் நின்று மூச்சிழுத்துப் பாருங்கள். நெடி தெரிந்தால் மூக்கில் ஈரத்துணி, காற்றடிக்கும் திசைக்குக் குறுக்காக நடை. இதைப் பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். மழை வெள்ளக் காலமான அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை தரைத்தளத்தில் சான்றிதழ் வைக்காதீர்கள், தூத்துக்குடிக்காரர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இப்போது பயத்துக்கு வருகிறேன். வடசென்னை என்றதும் ரவுடி, கத்தி என்று சொல்பவர்களில் பாதிப் பேர் பேசின் பிரிட்ஜைத் தாண்டி வந்ததில்லை. இங்கே நல்லது கெட்டது தெருவுக்குத் தெரு மாறும், பேட்டைக்குப் பேட்டை அல்ல. வீட்டு வாசலில் உட்கார்ந்து மீன் ஆயும் அக்காக்கள் இருக்கும் தெருவில் உங்கள் மகள் டியூஷன் முடிந்து எட்டரைக்கு வந்தாலும் நாலு கண் பார்த்துக்கொண்டிருக்கும்.

பிள்ளைகளுக்கு முதலில் இடறுவது பேச்சு. "இன்னாபா", "எங்க கீது", "இட்டாந்தியா" என்பதைக் கேட்டு மகன் முழிப்பான். அவன் "ஏலே, இங்க வால" என்றால் வகுப்பே சிரிக்கும். இரண்டு மாதம் கிண்டல் இருக்கும், மூன்றாவது மாதம் அவனும் "வாடா மச்சி"க்கு வந்துவிடுவான். வீட்டில் தெற்கத்திப் பேச்சை மாற்றச் சொல்லித் திட்டாதீர்கள், அதுதான் அவன் வாயை மூடவைக்கும். பெரியவர்களையே இங்கே "வாபா, போபா" என்பார்கள். அதில் மரியாதைக் குறைவு இல்லை. ஆனால் ஆசிரியரிடம் "சார், மிஸ்" மட்டும்தான்.

பழக ஒரு குறுக்குவழி விளையாட்டு. வியாசர்பாடியில் கால்பந்து, சந்துக்குச் சந்து கேரம். 2024-இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக்கோப்பையில் தங்கம் வாங்கிய காசிமா இந்தப் பக்கத்துப் பெண்தான். பையன் மாலையில் ஒரு மணி நேரம் மைதானத்துக்குப் போகட்டும், டியூஷனை முதல் இடைத்தேர்வு முடிவு பார்த்துவிட்டு முடிவுசெய்யலாம். மகளுக்கு அப்படி அல்ல. ஜூலையிலேயே கணக்குக்கு மட்டும் ஒரு டியூஷன் போதும். ஐந்து பாடத்துக்கும் சேர்த்து இரவு ஒன்பது வரை உட்கார வைக்கும் இடம் வேண்டாம்.

தெருமுனை மளிகைக்கடை அண்ணாச்சி பெரும்பாலும் உங்கள் ஊர்ப்பக்கத்துக்காரராகத்தான் இருப்பார். எந்தப் பள்ளி வேன் மழைநாளில் வராது, எந்தப் பள்ளியில் மதியமே பிள்ளைகள் வெளியே சுற்றுகிறார்கள் என்பது ஆலோசகர்களைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். பால் பாக்கெட் வாங்கும்போது கேளுங்கள்.

கால வரிசை இதுதான். கணவர் இப்போதே வந்து அறை எடுத்துத் தங்கட்டும். ஆண்டுத்தேர்வு முடியும் முன் பிள்ளைகளை எடுக்காதீர்கள். ஏப்ரலில் தேர்வு முடிந்ததும் டிசி கேட்கும்போதே, பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவுத் தளமான எமிஸில் பிள்ளையின் பெயரைக் காமன் பூலுக்கு, அதாவது புதிய பள்ளி எடுத்துக்கொள்ளும் பொதுப் பட்டியலுக்கு, மாற்றிவிட்டார்களா என்று எதிரில் நின்று பார்த்துவிடுங்கள். டிசி கையில் இருந்தும் பெயர் பழைய பள்ளியிலேயே கிடந்தால் புதிய பள்ளி ஏற்றிக்கொள்ள முடியாது, விலையில்லாப் புத்தகம் முதல் உதவித்தொகை வரை எல்லாம் தொங்கும். எட்டாம் வகுப்பு வரை டிசி தாமதம் என்று காரணம் காட்டி அரசுப் பள்ளியில் சேர்க்கை மறுக்கக் கூடாது என்பது சட்டம்; மகனுக்கு அது துணை. மகளுக்கு டிசி கையில் இருப்பதே நல்லது. டிசியில், ஆதாரில், பிறப்புச் சான்றிதழில் இனிஷியலும் எழுத்தும் ஒன்றாக இருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் எமிஸிலிருந்துதான் எடுக்கப்படும். அதில் ஓர் எழுத்து தப்பினால் மதிப்பெண் சான்றிதழிலும் அப்படியேதான் அச்சாகும். திருத்துவதாக இருந்தால் தூத்துக்குடியில் இருக்கும்போதே, மே மாதம் பள்ளி அலுவலகம் திறந்திருக்கும் நாளில் முடித்துவிட்டு வாருங்கள்.