எபிரேய வேதத்தில் 'பென்' (மகன்), 'எமூனா' (உண்மை) என்ற சொற்களுக்கு என்ன பொருள்? இரண்டுக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. உபாகமம் 32-இல் உள்ள மோசேயின் பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 4-ஆம் வசனம் கடவுளை 'ஏல் எமூனா' என்கிறது. 20-ஆம் வசனம் இஸ்ரவேலரை 'பானீம் லோ எமூன் பாம்' என்கிறது. எமூன் இல்லாத பிள்ளைகள். பழைய தமிழ் வேதாகமத்தில் முதலாவது 'சத்தியமுள்ள தேவன்', இரண்டாவது 'உண்மையில்லாத பிள்ளைகள்'. இரண்டும் ஒரே வேர் என்பது தமிழில் கண்ணில் படாது. இடையில் 6-ஆம் வசனம் 'அவர் உன் தகப்பன் அல்லவா' என்று கேட்கிறது. தகப்பனிடம் இருப்பது பிள்ளைகளிடம் இல்லை; அந்தப் பாட்டின் குற்றச்சாட்டே அதுதான்.

'பென்' பெற்ற மகனை மட்டும் குறிப்பதல்ல. வயது சொல்லவும் இதுவே வரும்: யாத்திராகமம் 12:5-இல் ஒரு வயது ஆட்டுக்குட்டி 'பென் ஷானா'. 2 இராஜாக்கள் 2:3-இல் வரும் 'தீர்க்கதரிசிகளின் புத்திரர்' அந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். பெற்றோர் தீர்க்கதரிசிகளாக இருந்திருக்க வேண்டியதில்லை. 1 சாமுவேல் 20:31-இல் 'பென் மாவெத்' என்றால் சாகவேண்டியவன். ஆக, ஒருவன் எதற்கு உரியவனோ அதற்கு 'பென்'. 'இஸ்ரவேல் என் சேஷ்டபுத்திரன்', அதாவது மூத்த மகன் (யாத்திராகமம் 4:22), என்பதையும் இப்படியே வாசியுங்கள்: அந்த ஜனத்தின் மீது உரிமை யாருக்கு, பார்வோனுக்கா கர்த்தருக்கா என்பதே அங்கே பேச்சு.

எமூனாவுக்கு மிகத் தெளிவான இடம் யாத்திராகமம் 17:12. ஆரோனும் ஊர் என்பவனும் தாங்கிப் பிடிக்க, மோசேயின் கைகள் பொழுது சாயும்வரை 'எமூனா'வாக இருந்தன. அங்கே விசுவாசம் என்று போட்டால் வாக்கியமே நிற்காது. தளராத நிலை என்பதே பொருள். அதே மெய்யெழுத்துகளில் 'ஓமெனெத்' என்று ஒரு சொல் உண்டு. ரூத் 4:16-இல் பேரனை மடியில் வைத்து வளர்க்கும் நகோமியை அது குறிக்கிறது.

இந்த வேர் வினைச்சொல்லாக வரும்போது வடிவத்தைப் பார்க்காமல் பொருள் எழுதாதீர்கள். நிஃபால், ஹிஃபீல் என்பவை எபிரேய வினை வடிவங்கள்: இங்கே நிஃபால் என்றால் உறுதியாயிருத்தல், ஹிஃபீல் என்றால் நம்பிச் சார்ந்திருத்தல். ஏசாயா 7:9 இரண்டையும் மோதவிடுகிறது: 'தஅமீனூ' இல்லையேல் 'தேஆமேனூ' இல்லை, நம்பாவிட்டால் நிலைக்கமாட்டீர்கள். வேதச் சொற்களுக்கு எண் கொடுத்துப் பொருள் சொல்லும் ஸ்ட்ராங் அகராதியில் எண்ணைத் தேடி, அங்குள்ள எல்லாப் பொருளையும் ஒரே வசனத்தில் கொட்டுகிறவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

ஆபகூக் 2:4-இல் எபிரேயம் நீதிமான் 'தன் எமூனாவினால்' பிழைப்பான் என்கிறது; பழைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தின் முக்கியப் பிரதிகளில் 'தன்' என்பது 'என்' என்று மாறி, கடவுளின் உண்மையாகிறது. நான் எபிரேய வாசிப்பையே எடுப்பேன், ஆனால் எமூனாவை மனதுக்குள் ஒப்புக்கொள்ளும் விசுவாசமாகச் சுருக்கமாட்டேன்.

'பென்' என்பதன் பெத், நூன் எழுத்துகளைப் படங்களாகப் பிரித்து 'வீடு, விதை' என்று சொல்லும் காணொளிகளை நம்பவேண்டாம். எபிரேயச் சொற்கள் எழுத்துப் படங்களைக் கூட்டி உருவானவை அல்ல.