டர்போ இருக்கட்டும், பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்? பழைய ஸ்போர்ட்ஸ் கார் கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் "எவ்வளவு குதிரைசக்தி ஏற்றலாம்" என்றுதான் கேட்கின்றன. வண்டி எந்த வருடம், எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ரப்பர் ஹோஸெல்லாம் கடைசியாக எப்போது மாறியது என்று எழுதியவர்கள் மூன்று பேர்தான். அந்த மூன்று பேருக்கும் நன்றி.

கேள்வி: என்னிடம் 1992 மாஸ்டா எம்எக்ஸ்-5, 1.6 லிட்டர். எல்லாம் கம்பெனியில் வந்தபடியே இருக்கிறது. ரோட்டிலும் ஓட்ட வேண்டும், டிராக்குக்கும் (ரேஸ் ஓடுதளம்) கொண்டுபோக வேண்டும். முதல் வேலையாக டர்போ போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம். முப்பது வருடத்துக்கு மேல் வயதான வண்டி. அதன் ரேடியேட்டர், ஹோஸ், புஷ் (சஸ்பென்ஷன் இணைப்புகளில் இருக்கும் ரப்பர் உருளை), ஷாக், பிரேக் குழாய் எல்லாவற்றுக்கும் அதே வயது. கிலோமீட்டர் குறைவு என்று சொல்லாதீர்கள், ரப்பர் நாட்காட்டியைப் பார்த்துத்தான் கெடுகிறது. முதல் வருடம் வண்டியை அது பிறந்த நிலைக்குக் கொண்டுவாருங்கள். கம்ப்ரஷன் டெஸ்ட், புது ரேடியேட்டர், டைமிங் பெல்ட், எல்லா ஆயிலும், நல்ல டயர், நல்ல பிரேக் பேட். சுமார் 950 கிலோ எடைக்கு 115 குதிரைசக்தி வளைவு பிடிக்கப் பழகுவதற்குத் தாராளம்.

அதற்குப் பிறகும் டர்போ ஆசை இருந்தால், அந்த 1.6 இன்ஜின் அளவான பூஸ்ட்டை (டர்போ திணிக்கும் காற்றழுத்தம்) தாங்கும். தாங்காதது பின்னால் இருக்கும், இன்ஜின் சக்தியை இரண்டு பின் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் சிறிய டிஃபரன்ஷியல். 1994 மாடலில் 1.8 வந்தபோது பெரிய டிஃபரன்ஷியல் வந்தது, பலரும் அதையே எடுத்து மாட்டுகிறார்கள். கிளட்ச்சும் மாற்ற வேண்டியிருக்கும். ஆரம்பகால வண்டிகளில் கிராங்க் முனையில் புல்லியைப் பிடிக்கும் சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்துபோகும் குறை உண்டு. அது 1991 வாக்கிலேயே சரிசெய்யப்பட்டுவிட்டதால் உங்களுக்குக் கவலை இல்லை.

கேள்வி: பிரேக் ஆயிலில் டாட் 4 ரகத்தை விட டாட் 5 உயர்ந்ததுதானே? அதையே ஊற்றலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். டாட் 5 என்பது சிலிகான். மற்றவற்றோடு கலக்கக் கூடாது, ஏபிஎஸ் உள்ள வண்டிக்கு ஆகாது. டாட் 5.1 வேறு, அது டாட் 4 குடும்பம். டிராக்குக்கு அதிகக் கொதிநிலை உள்ள டாட் 4 வாங்குங்கள், போதும்.

கேள்வி: போர்ஷே 944 ஒன்று வாங்கியிருக்கிறேன். "டைமிங் பெல்ட் போன வருடம்தான் மாற்றினேன்" என்று விற்றவர் சொன்னார். பில் கிடைக்கவில்லை. அடுத்த மாதம் டிராக் டே. நம்பிப் போகலாமா?

பதில்: பில் இல்லையென்றால் பெல்ட் மாறவில்லை என்றுதான் கணக்கு. 944-இல் பெல்ட் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அதன்பின் நீங்கள் விசாரிக்க வேண்டியது பெல்ட் விலையை அல்ல, சிலிண்டர் ஹெட் விலையை. மாற்றும்போது பேலன்ஸ் ஷாஃப்ட் பெல்ட்டையும் ரோலர்களையும் சேர்த்தே மாற்றுங்கள். வாட்டர் பம்பும் அந்த டைமிங் பெல்ட்டில்தான் ஓடுகிறது. அதன் பேரிங் இறுகினால் புது பெல்ட்டும் போய்விடும். பழைய மாடலாக இருந்தால் இரண்டு மூவாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் இழுவிசையை மறுபடி சரிபார்க்க வேண்டும். நான்கு வருடத்துக்கு ஒருமுறை இந்த வேலை வரும் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. நீண்ட வளைவுகளில் இந்த இன்ஜினின் இரண்டாம் கனெக்டிங் ராடு பேரிங் ஆயில் கிடைக்காமல் காய்ந்து போவது பெயர்பெற்ற நோய். டிராக்குக்குள் போகுமுன் ஆயில் அளவு மேல்கோட்டில் இருக்கட்டும். ஒவ்வொரு ஓட்டம் முடிந்ததும் குச்சியை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: 1,200 கிலோ எடையுள்ள பழைய கூப்பே. நான்கு சுற்று ஓடியதும் பிரேக் பெடல் தரை வரை இறங்குகிறது. ஆறு பிஸ்டன் காலிப்பரும் (பேட்டை டிஸ்க்கில் அழுத்தும் பாகம்) துளை போட்ட பெரிய டிஸ்க்கும் வாங்க முடிவு செய்துவிட்டேன். எந்த கம்பெனி நல்லது?

பதில்: பிரேக் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள்? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த ஒரு வரி இல்லை. ஆண்டுக்கணக்கில் இதே கேள்வி இதே வடிவத்தில் வருகிறது. எல்லாரும் காலிப்பரின் நிறம் வரை எழுதுகிறார்கள், ஆயிலின் வயதை எழுதுவதில்லை. எனக்கு இது வருத்தமான விஷயம், ஏனென்றால் இங்கே தவறினால் செலவு பணத்தோடு நிற்காது.

நோயை முதலில் பிரித்துப் பாருங்கள். பெடல் பஞ்சு போல மெத்தென்று இறங்கினால் ஆயில் கொதித்திருக்கிறது. பெடல் கல் மாதிரி இறுக்கமாக இருந்தும் வண்டி நிற்க மறுத்தால் பேட் சூடு தாங்கவில்லை. இரண்டும் வேறு வேறு நோய், மருந்தும் வேறு. உங்களுடையது முதல் வகை.

கணக்கைப் பாருங்கள். 1,200 கிலோ வண்டியை 180 கி.மீ. வேகத்திலிருந்து 70-க்கு இறக்கினால் கிட்டத்தட்ட 13 லட்சம் ஜூல் வெப்பமாகிறது. அதில் முக்கால் பங்கை முன் சக்கரங்கள் வாங்குகின்றன. முன் டிஸ்க் இரண்டும் சேர்ந்து 14 கிலோ என்று வைத்தால், ஒரே அழுத்தில் 140 டிகிரி வரை ஏறும். அது ஆறுவதற்குள் அடுத்த வளைவு வந்துவிடும். அந்தச் சூடு பேட் வழியாகப் பிஸ்டனுக்கும், பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் போகிறது. புது டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது. ஆனால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். மூன்றரை சதவீதம் போலத் தண்ணீர் சேர்ந்தால் கொதிநிலை 155 வாக்கில் வந்து நிற்கும். ஆயிலுக்குள் ஆவிக்குமிழி வந்த பிறகு உங்கள் கால் அந்தக் குமிழியைத்தான் அமுக்குகிறது, பேட்டை அல்ல. ஆறு பிஸ்டன் காலிப்பரிலும் பழைய ஆயில் கொதிக்கத்தான் செய்யும்.

அந்தப் பெரிய காலிப்பர் இலவசமாகவும் வேலை செய்யாது. முன்னால் பிஸ்டன் பரப்பு கூடினால் பெடல் இன்னும் கீழே போகும். முன்பின் பிரேக் பங்கீடு கெட்டு, முன் சக்கரம் முதலில் பூட்டிக்கொண்டு நிற்கும் தூரம் நீளவும் வாய்ப்புண்டு. துளை போட்ட டிஸ்க்கில் துளை ஓரத்திலிருந்துதான் விரிசல் கிளம்புகிறது. கோடு வெட்டிய டிஸ்க் பரவாயில்லை. வெறும் டிஸ்க்கே நல்லது.

நீங்கள் செய்ய வேண்டியவை: முழு ஆயிலையும் மாற்றி, நான்கு சக்கரத்திலும் ஏர் எடுங்கள், அதாவது பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றுங்கள். இருபது வயது ரப்பர் பிரேக் ஹோஸ் அழுத்தத்தில் ஊதிக்கொள்ளும், அதையும் மாற்றுங்கள். காலிப்பர் பிஸ்டன் தடையில்லாமல் திரும்புகிறதா, ஸ்லைடு பின் கிரீஸோடு அசைகிறதா என்று பாருங்கள். சிக்கிய பின் ஒன்று போதும், ஒரு சக்கரம் நாள் முழுக்க வெந்துகொண்டிருக்கும். பிறகு டிராக்குக்கென்று செய்த பேட் மாட்டி, அதைப் பழக்குங்கள். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டிப் பத்துப் பன்னிரண்டு முறை நன்றாக அழுத்தி இறக்குங்கள், முழுதாக நிறுத்தாதீர்கள், பிறகு ஆறும்வரை ஓட்டுங்கள். கடைசியாக, முன் பம்பரிலிருந்து டிஸ்க்கின் நடுப்பகுதிக்கு ஒரு காற்றுக்குழாய். இவ்வளவும் செய்து ஒரு நாள் ஓட்டியும் போதவில்லை என்றால் எழுதுங்கள், அப்போது காலிப்பர் பற்றிப் பேசுவோம். டிராக் பேட் குளிரில் சரியாகப் பிடிக்காது, கத்தும். ரோட்டுக்குத் தனி பேட் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: டயரில் பட்டன் ஆறு மில்லிமீட்டர் இருக்கிறது. பக்கத்தில் 2314 என்று இருக்கிறது. டிராக்குக்கு ஓகேதானே?

பதில்: 2014-ஆம் வருடம் 23-ஆம் வாரம் செய்த டயர். பட்டன் எவ்வளவு இருந்தாலும் ரப்பர் இறுகியிருக்கும். தூக்கிப் போடுங்கள். ரோட்டுக்கும் வேண்டாம்.

கேள்வி: வண்டியை மூன்று அங்குலம் இறக்கினால் வளைவில் நன்றாகப் பிடிக்குமா?

பதில்: பிடிக்காது. அவ்வளவு இறக்கினால் ஷாக்குக்கு நீளம் மிஞ்சாது, ஒவ்வொரு மேட்டிலும் பம்ப் ஸ்டாப் என்னும் ரப்பர் தடுப்பில் போய் முட்டும். முட்டிய நொடியில் டயர் பிடியை விடும். கீழ் ஆர்ம் மேல்நோக்கிச் சாய்ந்துவிட்டால், புவியீர்ப்பு மையம் இறங்கியதில் கிடைத்த லாபத்தை விடப் பெரிய நஷ்டம் சஸ்பென்ஷன் கோணங்களில் வரும். மேட்டில் ஏறும்போது ஸ்டியரிங் தானாக இழுக்கும். 25 மி.மீ. இறக்குங்கள், அதற்குமேல் உயரத்தைத் தொடாதீர்கள்.

இறக்குவதற்கு முன்னால் புஷ்களைப் பாருங்கள். அழுகிய புஷ்ஷோடு அலைன்மென்ட் செய்வது வீண். அலைன்மென்ட் மேடையில் ஒரு எண், பிரேக் அடிக்கும்போது வேறொரு எண். பாலியுரித்தேன் புஷ் முன் ஆர்முக்குப் பரவாயில்லை. பல திசையில் அசையும் பின் ஆர்மில் அது இறுகிப் பிடிக்கும், அங்கே புது ரப்பரே நல்லது. முன்னால் இரண்டு முதல் இரண்டரை டிகிரி நெகட்டிவ் கேம்பர் (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்வது), டோ பூஜ்யம் (சக்கரங்கள் நேராகப் பார்ப்பது), பின்னால் கொஞ்சம் டோ-இன் (சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்புவது). இதில் தொடங்குங்கள். ரோட்டில் அதிகம் ஓட்டினால் கேம்பரைக் குறையுங்கள், இல்லையென்றால் டயரின் உள்பக்கம் தேயும்.

கேள்வி: தினமும் ஓட்டும் காரில் ரோல் கேஜும் (காருக்குள் இரும்புக்குழாய்க் கூண்டு) நான்கு புள்ளி பெல்ட்டும் போட நினைக்கிறேன். பாதுகாப்பு கூடும் அல்லவா?

பதில்: ஹெல்மெட் போட்டிருந்தால் கூடும். ஹெல்மெட் இல்லாமல் ரோட்டில் ஓட்டும்போது தலைக்குப் பக்கத்தில் இரும்புக்குழாய் இருப்பது ஆபத்து. சின்ன மோதலிலும் தலை அதில் போய் இடிக்கும். பழைய சீட்டில் நான்கு புள்ளி பெல்ட் இன்னும் மோசம். மோதும்போது இடுப்புப் பட்டை வயிற்றுக்கு ஏறி உடல் கீழே வழுக்கும். தலைக்குமேல் பார் இல்லாத வண்டி கவிழ்ந்து கூரை அமுங்கினால், அந்த பெல்ட் உங்களை நிமிர்ந்தே பிடித்து வைக்கும். பின்னால் ஒரு ரோல் பார், நல்ல சீட், கம்பெனி கொடுத்த மூன்று புள்ளி பெல்ட். ரோட்டையும் டிராக்கையும் சேர்த்து ஓட்டும் காருக்கு இதுதான் என் பதில்.

கேள்வி: 2002 பிஎம்டபிள்யூ எம்3. கிளட்ச் விடும்போது பின்னால் "டங்" என்று சத்தம். ஸ்பிரிங் மாற்றலாமா?

பதில்: ஸ்பிரிங்கைத் தொடாதீர்கள். பின் சப்ஃபிரேம் (பின் சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் தரைத்தகட்டில் விரிசல் இருக்கிறதா என்று வண்டியைத் தூக்கி, அழுக்கைக் கழுவிவிட்டுப் பாருங்கள். உங்கள் கார் சேர்ந்த இ46 வரிசையின் தெரிந்த பலவீனம் அது. விரிசல் இருந்தால் வெல்டிங் செய்து தகடு வைத்து வலுப்படுத்தும் வரை டிராக் பக்கம் போகாதீர்கள்.

கேள்வி: என் பழைய ஸ்போர்ட்ஸ் கார் டிராக்கில் சூடாகிறது. என்ன செய்வது?

பதில்: எந்தக் கார்? எந்த வருடம்? எத்தனை டிகிரி? வேகமாக ஓடும்போது சூடாகிறதா, வரிசையில் நிற்கும்போதா? இவற்றைச் சொல்லாமல் கேட்டால் நானும் ஊகத்தில்தான் பதில் சொல்ல முடியும், அந்த ஊகத்துக்கு உங்கள் ஹெட் காஸ்கெட் விலை கொடுக்கும்.

பொதுவாகச் சொல்கிறேன். நிற்கும்போது சூடானால் ஃபேன். ஓடும்போது சூடானால் ரேடியேட்டர் அடைப்பு, அல்லது காற்று ரேடியேட்டருக்குள் போகாமல் பக்கவாட்டில் நழுவுகிறது. தகடும் நுரைப்பஞ்சும் வைத்து அந்த இடைவெளிகளை அடையுங்கள். சில பழைய வாட்டர் பம்ப்களில் உள் இறக்கை பிளாஸ்டிக், உடைந்தாலும் வெளியே தெரியாது. யாரும் கவனிக்காத பொருள் ரேடியேட்டர் மூடி. ஒரு பார் அழுத்தம் இருந்தால் தண்ணீர் 120 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். மூடி தளர்ந்தால் அந்த இருபது டிகிரியும் போச்சு. சூடான மூடியைத் திறக்காதீர்கள், முகம் வெந்துபோகும்.

கேள்வி: புத்தகத்தில் 15,000 கி.மீ.க்கு ஒருமுறை ஆயில் என்கிறது. டிராக்குக்கும் அதே கணக்கா?

பதில்: இல்லை. இரண்டு மூன்று டிராக் நாளுக்கு ஒருமுறை இன்ஜின் ஆயில், வருடம் ஒருமுறை கியர் ஆயிலும் டிஃபரன்ஷியல் ஆயிலும். பிரேக் ஆயில் ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் முழுதாக, ஒவ்வொரு டிராக் நாளுக்கு முன்பும் ஏர் எடுத்து.

கேள்வி: டிராக் முடிந்ததும் அதே காரை வீட்டுக்கு ஓட்டிப் போகலாமா, லாரியில்தான் ஏற்ற வேண்டுமா?

பதில்: ஓட்டிப் போகலாம், பார்த்துவிட்டு. கடைசிச் சுற்றை பிரேக் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற வையுங்கள். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதீர்கள், வெந்த பேட் டிஸ்க்கோடு ஒட்டும். கியரில் விட்டு டயருக்குக் கட்டை வையுங்கள். ஆறியதும் சக்கர நட்டுகளை டார்க் ரெஞ்சால் (இறுக்கத்தை அளக்கும் ஸ்பேனர்) பாருங்கள். பல வருடத்துக்கு முன் ஒரு மாலை அவசரத்தில் அதைப் பார்க்காமல் கிளம்பினேன். நெடுஞ்சாலையில் ஸ்டியரிங் நடுங்க, நிறுத்திப் பார்த்தால் முன் இடது சக்கரத்தில் இரண்டு நட்டு கையால் சுழன்றது. சக்கரம் சூடாகி ஆறும்போது நட்டு தளரும். அன்றிலிருந்து ரெஞ்ச் முன்சீட்டில்தான் வருகிறது. டயருக்கு ரோட்டு அளவு காற்று மறுபடி ஏற்றுங்கள், சூட்டில் ஏழெட்டு பிஎஸ்ஐ கூடியிருந்ததால் காலையில் இறக்கியிருப்பீர்கள். பேட் மூன்று மி.மீ.க்குக் கீழே போயிருந்தாலோ, பெடல் காலையில் இருந்ததைவிட ஒரு விரல் இறங்கியிருந்தாலோ, லாரியைக் கூப்பிடுங்கள்.