ஜாமீன் கையெழுத்தும் சிபில் ஸ்கோரும்

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறேன். இயந்திரம் வாங்க நான்கு லட்சம் ரூபாய் கடன் கேட்டேன். கடனைத் திருப்பிக் கட்டிய ஒழுங்குக்குத் தரப்படும் மதிப்பெண்ணான சிபில் ஸ்கோர் எனக்குக் குறைவு என்று மறுத்துவிட்டார்கள். என் கடன் எதற்கும் ஒரு தவணைகூடத் தவறியதில்லை. ஆனால், மைத்துனரின் வாகனக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தேன். அவர் இடையில் நான்கு மாதம் கட்டவில்லை. சென்ற ஆண்டு வட்டியோடு முழுவதையும் அடைத்துவிட்டார். வேறு இடங்களில் விண்ணப்பித்துப் பார்க்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: இப்போது வேண்டாம். நீங்கள் விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் உங்கள் கடன் அறிக்கையை (உங்கள் கடன்களையும் அவற்றைக் கட்டிய விதத்தையும் காட்டும் பதிவு) வாங்கிப் பார்த்த தேதி அந்த அறிக்கையிலேயே பதிவாகும். குறுகிய காலத்தில் அப்படி நான்கைந்து பதிவுகள் சேர்ந்தால், பணமுடையில் அலைகிறவர் என்ற எண்ணம் உண்டாவதோடு ஸ்கோரும் இறங்கக்கூடும்.

மைத்துனரின் கடனே காரணமாக இருக்கலாம். ஜாமீன் கையெழுத்தைச் சாட்சிக் கையெழுத்தைப் போல நினைத்துப் போட்டுவிட்டு, பிறகு கலங்கி நிற்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவின்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாக எழுதப்படாத வரையில், கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ அவ்வளவும் ஜாமீன்தாரருக்கும் உண்டு. அதனால் அந்தக் கடன், ஜாமீன்தாரர் என்ற குறிப்போடு உங்கள் அறிக்கையிலும் ஏறியிருக்கும்.

மறுத்த வங்கியிடமே, அது பார்த்த அறிக்கையின் நகலைக் கேளுங்கள். 2005-ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனங்கள் சட்டம் அந்த உரிமையை உங்களுக்குத் தருகிறது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹை மார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். 300 முதல் 900 வரையிலான ஸ்கோரைப் பார்த்ததோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு கடனுக்கும் கீழே மாதவாரியாக உள்ள கட்டங்களைப் பாருங்கள். உரிய நாளில் கட்டிய மாதத்தில் 000 என்றிருக்கும். தவறிய மாதங்களில் எத்தனை நாள் தாமதம் என்பது 030, 061 என்று ஏறிக்கொண்டே போகும்.

பிறகு, அந்தக் கடன் முடிந்துவிட்டதாகக் காட்டப்பட்டிருக்கிறதா என்று சரிபாருங்கள். பாக்கி இருப்பதாகவோ, முழுவதும் கட்டியிருந்தும் குறைத்துப் பேசி முடித்ததாகவோ இருந்தால், கடன் தீர்ந்ததற்கான சான்றை இணைத்துத் திருத்தம் கேளுங்கள். புகார் கொடுத்த 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால், அதன்பின் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அப்போதும் தீரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம்.

உண்மையாகவே நேர்ந்த தாமதத்தை மட்டும் யாராலும் அழிக்க முடியாது. பணம் கொடுத்தால் ஸ்கோரை ஏற்றித் தருகிறேன் என்று வருகிறவர்களிடம் ஒரு ரூபாயும் கொடுத்துவிடாதீர்கள். உங்கள் சொந்தக் கடன்களைத் தொடர்ந்து நாள் தவறாமல் கட்டி வந்தால், பழைய தாமதத்தின் பாதிப்பு காலப்போக்கில் குறையும்.

கேள்வி: கைபேசியில் என் ஸ்கோரை நானே அடிக்கடி பார்த்தால் அது குறையுமா?
– வாசகி, ஏற்காடு

பதில்: குறையாது. கடன் கொடுப்பவர் பார்ப்பது வேறு, நீங்கள் பார்ப்பது வேறு. உங்கள் கைபேசி எண் அறிக்கையில் சரியாக இருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். நிறுவனம் ஏதேனும் உங்கள் அறிக்கையைப் பார்த்தால் அந்த எண்ணுக்குத்தான் குறுஞ்செய்தி வரும். நீங்கள் கடனே கேட்காத நிறுவனத்தின் பெயர் அதில் இருந்தால், அன்றைக்கே புகார் கொடுங்கள்.