கையால் அப்ளிக் (துணியின் மேல் வேறு துணித் துண்டை வைத்துத் தைப்பது) தைக்கும்போது வட்டத்தின் ஓரம் முனை முனையாக வருகிறது. சரியான வட்டமாக வர என்ன செய்ய வேண்டும்?

ஓரத்தை விரலால் மடித்துக்கொண்டே தைக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். இலைக்கும் பூவிதழுக்கும் அது போதும். சின்ன வட்டத்துக்கு வேண்டாம். அடித்துணியில் வைப்பதற்கு முன்பே அது முழு வட்டமாகியிருக்க வேண்டும்.

பத்து ரூபாய் நாணயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குறுக்களவு 27 மி.மீ. சுற்றிலும் கால் அங்குலம், அதாவது 6 மி.மீ. விட்டுத் துணியை வெட்டுங்கள். அந்த விளிம்பின் நடுவில் சின்னச் சின்னதாக நூலோட்டிக்கொண்டே வாருங்கள். நாணயத்தைத் துணியின் உள்பக்கம் நடுவில் வைத்து நூலை இழுத்தால் துணி சுருங்கி அதைக் கவ்விக்கொள்ளும். இழுப்பு தாங்க நூல் இரட்டையாக இருக்கட்டும்.

முனை வருவது இந்த இடத்தில்தான். இரண்டு தையலுக்கு இடையே துணி ஒரு மடிப்பாக விழும். தையல் பெரிதானால் மடிப்பும் பெரிதாகி ஓரத்தில் மூலையாகத் தள்ளும். 3 மி.மீ.க்குள் தைத்தால் மடிப்புகள் பொடிப்பொடியாகி ஓரம் வழுவழுவென்று வரும். விளிம்பில் கத்தரியால் வெட்டு கொடுக்கச் சிலர் சொல்வார்கள். உள்ளே குழிந்த வளைவுக்குத்தான் அது தேவை. வட்டத்துக்குக் கொடுத்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு மூலை கிடைக்கும்.

அப்புறம், வடிகட்டிய கஞ்சித் தண்ணீரைப் பின்பக்க மடிப்புகளில் லேசாகத் தடவி இஸ்திரி போடுங்கள். உலோகம் சூடாகி உள்ளிருந்தும் மடிப்பை அழுத்தும் என்பதால்தான் நாணயம் எனக்குப் பிடிக்கும். நன்றாக ஆறிய பிறகு தொடுங்கள், விரல் சுட்டுவிடும். பெரிய வட்டத்துக்குக் கல்யாணப் பத்திரிகை அட்டை அருமை. பிளாஸ்டிக் தாள் மட்டும் வேண்டாம், சூட்டில் உருகித் துணியில் ஒட்டிக்கொள்ளும்.

ஆறியதும் சுருக்கைக் கொஞ்சம் தளர்த்தி நாணயத்தை எடுத்துவிட்டு, நூலை மறுபடி மெல்ல இழுத்து இன்னொரு முறை தேய்த்தால் வட்டம் தயார். 1840களில் அமெரிக்காவின் பால்டிமோரில் தைத்த ஆல்பம் குயில்ட்களில் (கட்டத்துக்கு ஒரு படமாகத் தைத்து இணைத்த மெத்தென்ற போர்வைகள்) பழக்கொத்துகள் பலவும் இந்த மாதிரிக் குட்டி வட்டங்கள்தான். நீங்களும் அப்படிக் கொத்தாக வைப்பதாக இருந்தால், எல்லா வட்டங்களையும் முதலில் தயார் செய்துகொண்டு அப்புறம் தைக்க உட்காருங்கள்.

தைப்பது சுலபம். நூலின் நிறம் வட்டத்தோடு சேர வேண்டும், அடித்துணியோடு அல்ல. பத்தாம் நம்பர் மெல்லிய ஊசியை மடிப்பின் விளிம்பில் மேலே எடுத்து, அதற்கு நேர் எதிரே அடித்துணியில் இறக்குங்கள். அடியிலேயே 2 மி.மீ. நகர்ந்து மறுபடி விளிம்பில் எடுங்கள். இறக்கும் இடம் ஒரு நூல் தள்ளினாலும் தையல் சாய்ந்து வெளியே தெரியும். நூலை இறுக்கி இழுத்தால் அவ்வளவு பாடுபட்ட ஓரம் பள்ளம் விழுந்துவிடும். தையல் படிந்ததும் நிறுத்திவிடுங்கள்.

துணிகளை முன்பே அலசிக் காயவையுங்கள், சிவப்பும் கருநீலமும் சாயம் விடக்கூடியவை. கஞ்சி துணியிலேயே தங்கினால் பூச்சி வரும், குயில்ட் முடிந்ததும் ஒருமுறை அலசிவிடுங்கள். பெரிய வட்டமென்றால் பின்பக்கம் தையலிலிருந்து கால் அங்குலம் விட்டு, உள்ளே இருக்கும் அடித்துணியை வெட்டி எடுத்துவிடலாம். அடுக்குகளைச் சேர்த்துக் குயில்ட் தையல் போடும்போது ஊசி சுலபமாக இறங்கும். நாணய அளவு வட்டத்துக்கு அது வேண்டியதில்லை.