கேள்வி – பதில்: ஆஸ்பத்திரி சேரும் முன்

விபத்து நடந்த இடத்திலும் ஆம்புலன்ஸிலும் தரப்படும் சிகிச்சை பற்றியும் அதன் ஆய்வுகள் பற்றியும் வந்த கேள்விகளில் சில.

காயம்பட்டவரை ஒரு மணி நேரத்துக்குள் சேர்த்துவிட்டால் பிழைத்துவிடுவார் என்கிறார்களே, 61-ஆவது நிமிடத்தில் அப்படி என்ன ஆகிவிடும்?

ஒன்றும் ஆகாது. 'கோல்டன் ஹவர்' (பொன்னான ஒரு மணி நேரம்) என்ற சொல்லைப் பரப்பியவர் பால்டிமோர் அறுவை மருத்துவர் ஆர். ஆடம்ஸ் கௌலி. அந்த 60 நிமிடக் கணக்குக்கு ஆதாரம் எங்கே என்று லெர்னர், மாஸ்கட்டி என்ற இருவர் 2001-இல் தேடிப் பார்த்தார்கள்; உறுதியான தரவு எதுவும் அகப்படவில்லை. 2010-இல் நியூகார்ட் குழு வட அமெரிக்காவின் 146 ஆம்புலன்ஸ் அமைப்புகளிலிருந்து 3,656 பேரின் பதிவுகளை ஆராய்ந்தது. ஆம்புலன்ஸ் எடுத்துக்கொண்ட நேரத்துக்கும் சாவுக்கும் தொடர்பு தெரியவில்லை.

அதனால் மெதுவாகப் போகலாம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். மோசமாக இருப்பவரைத்தான் ஊழியர்கள் பறந்துகொண்டு போவார்கள். அவர்களில்தான் சாவும் அதிகம். ஆகவே இப்படிப்பட்ட பதிவுகளில் வேகத்தின் நன்மை மறைந்துபோக வாய்ப்புண்டு. மேலும், மூச்சுக்குழாய் அடைத்தவருக்கு உள்ள அவகாசம் சில நிமிடங்கள்தான். வயிற்றுக்குள் ரத்தம் கசிபவருக்கு அதைவிடச் சற்றுக் கூடுதல். கை எலும்பு முறிந்தவருக்கு மணிக்கணக்கில் உண்டு. மூவரையும் ஒரே கடிகாரத்தில் அளக்க முடியாது.

சம்பவ இடத்தில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: இவருக்குத் தேவையானதை இங்கேயே செய்ய முடியுமா, ஆபரேஷன் தியேட்டரில்தான் முடியுமா? நெஞ்சிலோ வயிற்றிலோ ரத்தக்கசிவு என்று சந்தேகம் வந்தால் மூச்சுவழியைச் சரிசெய்து, வெளியே தெரியும் ரத்தத்தை நிறுத்திவிட்டு உடனே கிளம்ப வேண்டும். டிரிப் போடுவதை வண்டி ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம். கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கு மூச்சுக்குழாயில் டியூப் போடவும் டிரிப் ஏற்றவும் பயிற்சி தந்து, அதற்கு முன்னும் பின்னும் 2,867 பேரை ஒப்பிட்டார்கள். முடிவு 2008-இல் வந்தது: முன்பு பிழைத்தவர்கள் 81.8 சதவீதம், பின்பு 81.1. நினைவு மிகவும் குறைந்திருந்தவர்களிடம் அது 60-இலிருந்து 50.9 ஆக இறங்கியது. கூடுதலாக ஒன்றைச் செய்வதே நல்ல சிகிச்சை ஆகிவிடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான எண்ணிக்கை கிடைப்பது அரிது.

முதலுதவிப் பயிற்சியில் டூர்னிக்கெட் (ரத்தத்தை நிறுத்தக் கை, காலில் இறுக்கும் பட்டை) கட்டினால் கை, கால் போய்விடும் என்று பயமுறுத்தினார்கள். கட்டலாமா, கூடாதா?

கையிலோ காலிலோ ரத்தம் பீறிட்டு, அழுத்திப் பிடித்தும் நிற்கவில்லை என்றால் கட்டியே ஆக வேண்டும். பாக்தாதில் இருந்த அமெரிக்க ராணுவ மருத்துவமனையில், டூர்னிக்கெட் கட்டப்பட்ட 232 பேரை க்ராக் என்ற மருத்துவரின் குழு ஆராய்ந்து 2009-இல் வெளியிட்டது. அதிர்ச்சி நிலைக்கு (ரத்தம் இழந்து ரத்த ஓட்டம் சரியும் நிலை) போகும் முன்பே கட்டப்பட்டவர்களில் 90 சதவீதம் பேர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 சதவீதம் பேர்தான் பிழைத்தார்கள். டூர்னிக்கெட் கட்டியதனாலேயே கை, கால் இழந்தவர் ஒருவரும் இல்லை. இது குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வல்ல; இந்த விஷயத்தில் அப்படி ஒன்றை நடத்துவதும் நியாயமாகாது.

காயத்துக்கு 5 முதல் 7 செ.மீ. மேலே, முழங்கை, முழங்கால் மூட்டைத் தவிர்த்துக் கட்டுங்கள். சட்டைப் பையிலோ கால்சட்டைப் பையிலோ பொருள் இருந்தால் எடுத்துவிடுங்கள். அது அடியில் மாட்டினால் அழுத்தம் சமமாகப் பரவாது. அடுத்ததில்தான் பலர் தவறுகிறார்கள்: முறுக்கி இறுக்கும் குச்சியான திருகுகோலைச் சுற்றும் முன்பே பட்டையைத் தளர்வு துளியும் இல்லாமல் இழுத்துவிட வேண்டும். மூன்று சுற்றுக்கு மேலும் சுற்ற வேண்டியிருந்தால் பட்டை தளர்வாக இருக்கிறது என்று பொருள். ரத்தம் நிற்கும்வரை, கீழே நாடித்துடிப்பு அடங்கும்வரை இறுக்குங்கள். அரைகுறையாக இறுக்கினால் சிரை மூடிக்கொள்ளும், தமனி திறந்தே இருக்கும். உள்ளே போகும் ரத்தம் திரும்ப வழியின்றிக் காயத்தின் வழியாகவே வெளியேறும். கட்டாமல் விட்டதைவிட அது மோசம்.

சரியாகக் கட்டினால் கடுமையாக வலிக்கும். காயம்பட்டவர் கெஞ்சினாலும் தளர்த்தாதீர்கள். ரத்தம் நிற்காவிட்டால் அதை ஒட்டி மேலே இன்னொன்று கட்டுங்கள். கட்டிய நேரத்தைப் பட்டையிலேயே எழுதுங்கள். அவ்வப்போது அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டும் பழைய முறை வேண்டாம். ஒவ்வொரு தடவையும் ரத்தம் போகும், உருவாகிய உறைகட்டியும் பெயரும். 2 மணி நேரம் வரை பொதுவாகத் தசைக்கு நிரந்தரச் சேதம் வராது. கயிறு, வயர், காலணி நாடா போன்ற மெல்லிய பொருள்கள் தோலை அறுக்குமே தவிரத் தமனியை மூடாது. பட்டை குறைந்தது 4 செ.மீ. அகலம் இருக்க வேண்டும். இடுப்பு பெல்ட்டைப் போதுமான அளவு இறுக்குவது கடினம். மடித்த துணியும் உறுதியான குச்சியும் அதைவிட மேல்.

தொடையிடுக்கு, அக்குள், கழுத்து ஆகிய இடங்களில் டூர்னிக்கெட் போட இடமில்லை. தொடையிடுக்கிலும் அக்குளிலும் காயத்தின் ஆழம்வரை துணியைத் திணித்து, உடல் எடையைக் கொடுத்து அழுத்துங்கள். கழுத்தில் மூச்சுக்குழாயை நசுக்காமல், ரத்தம் வரும் இடத்தை மட்டும் அழுத்துங்கள். எடுத்து எடுத்துப் பார்க்காமல் 10 நிமிடம்.

ரத்தப்போக்கைக் குறைக்கத் தரும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மருந்து பற்றி ஓர் ஆய்வு உயிர் காக்கிறது என்கிறது, இன்னொன்று பயனில்லை என்கிறது. எதை நம்புவது? (ஹவுஸ் சர்ஜன் ஒருவர்)

இரண்டையும் நம்பலாம். இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்குப் பதில் சொல்கின்றன.

2010-இல் வந்த கிராஷ்-2 ஆய்வில் 40 நாடுகளில் 20,211 பேர். மருந்தின் அளவு: முதல் 1 கிராம் 10 நிமிடத்தில், அடுத்த 1 கிராம் 8 மணி நேரத்தில். இறப்பு 16 சதவீதத்திலிருந்து 14.5 ஆகக் குறைந்தது. அதைவிட முக்கியமானது மறு ஆண்டு வந்த நேரவாரிக் கணக்கு. ரத்தப்போக்கால் ஏற்பட்ட சாவை மட்டும் பாருங்கள். முதல் 1 மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களில் 5.3 சதவீதம், பெறாதவர்களில் 7.7. 1 முதல் 3 மணி நேரத்துக்குள் 4.8-உம் 6.1-உம். 3 மணி நேரத்துக்கு மேல் கதை தலைகீழ்: மருந்து பெற்றவர்களில் 4.4, பெறாதவர்களில் 3.1. அடிபட்ட முதல் சில மணி நேரத்தில் உடல் தன் உறைகட்டிகளைத் தானே கரைக்கிறது, மருந்து அதைத் தடுக்கிறது. பிறகு அந்தக் கரைப்பு அடங்கிவிடும், தடுக்க ஒன்றும் மிஞ்சாது என்பதே பொதுவாகத் தரப்படும் விளக்கம்.

2023-இல் வந்த பேட்ச் ஆய்வு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜெர்மனியில் 1,310 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆஸ்பத்திரி சேரும் முன்பே முதல் அளவைத் தொடங்கியது. அது முதன்மையாக அளந்தது 6 மாதம் கழித்து நன்றாக நடமாடி வாழ்கிறவர்களை, அவர்கள் மருந்து பெற்றவர்களில் 53.7 சதவீதம், பெறாதவர்களில் 53.5 சதவீதம். வித்தியாசம் இல்லை. ஆனால் 28 நாள் இறப்பு மருந்து பெற்றவர்களில் 17.3, பெறாதவர்களில் 21.8. சாவிலிருந்து மீண்டவர்களில் கணிசமானோர் கடும் ஊனத்தோடு இருந்தார்கள். இதைப் 'பயனில்லை' என்று சுருக்குவது பிழை என்பது எங்கள் கருத்து. 'எல்லாரையும் பழைய நிலைக்குக் கொண்டுவரும்' என்று வாக்குக் கொடுப்பதும் அதே அளவு பிழை.

நடைமுறையில் சறுக்கும் இடங்கள் இரண்டு. ஒன்று, அவசரத்தில் வேகமாகச் செலுத்துவது. ரத்த அழுத்தம் சரியும். 100 மி.லி. சலைனில் கலந்து 10 நிமிடத்தில் விடுங்கள். இரண்டு, ஆம்புலன்ஸில் முதல் அளவு போனதை ஒப்படைக்கும்போது சொல்லாமல் விடுவது. உள்ளே திரும்பவும் முதல் அளவே போகும், அல்லது இரண்டாவது போகவே போகாது. மருந்து கொடுத்த நேரத்தோடு அடிபட்ட நேரத்தையும் எழுதுங்கள். அது தெரியாமல் 3 மணி நேரக் கணக்குக்குப் பொருளே இல்லை.

ரத்தம் போனவருக்கு எவ்வளவு சலைன் ஏற்றலாம்?

குறைவாக. 1994-இல் ஹூஸ்டனில், உடற்பகுதியில் துளைத்த காயம் உள்ள 598 பேரில், ஆபரேஷன் வரை திரவம் தராதவர்களில் 70 சதவீதமும் உடனே தந்தவர்களில் 62 சதவீதமும் பிழைத்தார்கள். சலைன் ரத்தத்தை நீர்க்கச் செய்யும், உடலைக் குளிரவைக்கும், அழுத்தத்தை ஏற்றி உறைகட்டியைத் தள்ளிவிடும். ரத்தம் கைவசம் இல்லாதபோது 250 மி.லி. வீதம் தந்து, மணிக்கட்டில் நாடி தட்டுப்பட்டதும் நிறுத்துங்கள். தலைக்காயம் இருந்தால் இந்தக் கணக்கு செல்லாது. அடுத்த பதிலைப் பாருங்கள்.

தலைக்காயத்தோடு மயங்கியவருக்கு ஆம்பு பேக்கை (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை) வேகமாக அமுக்கினால் மூளைக்கு நல்லது என்று சீனியர்கள் சொல்கிறார்கள். சரியா?

தவறு. உயிருக்கு ஆபத்தான தவறு. வேகமாக அமுக்கினால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்ஸைடு குறையும். மூளையின் ரத்தக்குழாய்கள் சுருங்கும். அடிபட்ட மூளைக்குப் போகிற கொஞ்ச ரத்தமும் குறையும். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 10 முறை போதும். 6 விநாடிக்கு ஒன்று என்று வாய்விட்டு எண்ணுங்கள், ஏனென்றால் பதற்றத்தில் கை தானாக வேகமெடுக்கும். பையைக் கடைசிவரை நசுக்க வேண்டாம். நெஞ்சு உயர்ந்தால் போதும். வெளிமூச்சில் கார்பன் டை ஆக்ஸைடு அளக்கும் கருவி இருந்தால் 35 முதல் 45 மி.மீ. பாதரசத்துக்குள் வைத்திருங்கள்.

அமெரிக்காவின் அரிசோனாவில் நடந்த 'எபிக்' ஆய்வு (2019) மூன்றே விஷயங்களைக் கற்றுக்கொடுத்தது: ஆரம்பத்திலேயே ஆக்ஸிஜன், ரத்த அழுத்தம் விழாமல் திரவம், வேகமாக மூச்சு கொடுக்காமை. 21,852 பேரையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய மாற்றம் இல்லை. கடுமையான தலைக்காயம் உள்ளவர்களை மட்டும் பிரித்தபோது பிழைக்கும் வாய்ப்பு இரு மடங்கு. விலையுயர்ந்த மருந்து எதுவும் இதில் இல்லை. தலைக்காயத்தில் மேல் ரத்த அழுத்தம் 110-க்குக் கீழே போக விடாதீர்கள். 90-க்குக் கீழே ஒரே ஒரு தடவை போவதும் கூடுதல் சாவோடு சேர்ந்தே வருவதாக 1993-லேயே எழுதப்பட்டுவிட்டது.

கழுத்துப்பட்டை எல்லாருக்கும் போட வேண்டுமா?

வேண்டியதில்லை. நினைவு தெளிவாக இருந்து, போதை இல்லாமல், பின்கழுத்து நடுவில் அழுத்தினால் வலிக்காமல், கைகால் மரத்துப்போகாமல், கவனத்தைத் திருப்பும் வேறு பெரிய காயமும் இல்லாவிட்டால் தேவைப்படாது. கழுத்துக்கு எக்ஸ்ரே தேவையா என்று முடிவெடுக்க 2000-இல் 34,069 பேரிடம் சோதிக்கப்பட்ட விதி இது. கழுத்து முள்ளெலும்புப் பகுதி சேதமடைந்த 818 பேரில் 8 பேரை மட்டுமே இது கண்டுபிடிக்கத் தவறியது. தலைக்காயத்தில் இறுக்கமான பட்டை கழுத்துச் சிரைகளை அழுத்தி மண்டைக்குள் அழுத்தத்தை ஏற்றும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஆம்புலன்ஸ் பதிவேடுகளை வைத்து ஆய்வேடு எழுதப்போகிறேன். எதில் கவனமாக இருக்க வேண்டும்? (முதுநிலை மாணவி)

முதலில் விடுபட்டவர்களைத் தேடுங்கள். சம்பவ இடத்திலேயே இறந்தவர்கள் ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் இருக்கமாட்டார்கள். நீண்ட தூரப் பயணத்தில் வழியிலேயே பலர் இறந்துவிட்டால், வந்து சேர்ந்தவர்கள் எல்லாரும் நன்றாக இருப்பதுபோலத் தோன்றும். தாமதமே நல்லது என்றுகூடக் கணக்கு சொல்லும்.

அடுத்து, காலியான கட்டங்கள். மூச்சு எண்ணிக்கையும் ரத்த அழுத்தமும் எழுதப்படாமல் கிடப்பது பெரும்பாலும் மிக மோசமாக இருந்தவர்களுக்குத்தான். ஊழியரின் இரு கைகளும் வேலையாக இருந்திருக்கும். அந்தப் படிவங்களை நீக்கிவிட்டுக் கணக்குப் போட்டால் இறப்பு விகிதம் பொய்யாகக் குறையும். எத்தனை படிவம் காலி, அவர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதைத் தனி அட்டவணையாகக் கொடுங்கள்.

கடிகாரங்களையும் சரிபாருங்கள். அழைப்பு மையம், வண்டி, அவசரப் பிரிவு மூன்றின் நேரமும் ஒத்துப்போகாமல், கிளம்பும் முன்பே வந்து சேர்ந்ததாகப் பதிவுகள் வரும். தரவு சேகரிக்கும் முதல் நாளே மூன்றின் வித்தியாசத்தையும் குறித்து வையுங்கள், வாரம் ஒருமுறை திரும்பப் பாருங்கள். அடிபட்ட நேரத்துக்கு 'தெரிந்தது', 'ஊகம்', 'தெரியாது' என்று மூன்று கட்டங்கள் போடுங்கள். ஒரே கட்டம் இருந்தால் எல்லாரும் அழைப்பு வந்த நேரத்தையே எழுதிவிடுவார்கள்.